எல்.கே.ஜி. பெண் வாய் ஓயாமல் பேசுகிறாள், பென்சிலைக் கொடுத்தால் அழுகிறாள். என்ன செய்யலாம்?

ஈரோடு_அம்மா

வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது நிறையப் போகிறது. இந்த ஆண்டுதான் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். வீட்டில் அவள் பேச்சு நிற்பதே இல்லை. பாட்டி கதை சொல்லும்போது ஒரு வரி விட்டுப்போனால்கூட "அப்படி இல்ல, நரிதான் முதல்ல வந்துச்சு" என்று திருத்துவாள். ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் அழுகை.

ஆங்கிலத்துக்கு நான்கு கோடு நோட்டு, தமிழுக்கு இரட்டைக்கோடு நோட்டு, கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு என்று தினமும் வீட்டுப்பாடம் வருகிறது. 'அ' ஒரு பக்கம், 'ஆ' ஒரு பக்கம். பெற்றோர் கூட்டத்தில், "மற்ற பிள்ளைகள் 'ஃ' வரை முடித்துவிட்டார்கள், உங்கள் பெண் 'அ'விலேயே நிற்கிறாள். கதை பேசுவதைக் குறைத்து எழுத உட்கார வையுங்கள்" என்றார்கள்.

எழுதப் பழக்கச் சொன்னது புரிகிறது. கதை பேசுவதைக் குறைக்கச் சொன்னதுதான் உறுத்துகிறது. பேச்சு உண்மையிலேயே படிப்புக்குத் தடையா? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கரூர்_ஜெயா

அக்கா, எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர். என் மகன் யு.கே.ஜி. 'அ' முதல் 'ஃ' வரை பார்க்காமல் எழுதுவான், கையெழுத்தும் அழகு. ஆனால் 'ஆடு' என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னால் "ஆவன்னா, டூனா" என்று சொல்லிவிட்டு நிற்கிறான். இரண்டையும் சேர்த்தால் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிற அந்த ஆடுதான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பதிலை நானும் எதிர்பார்க்கிறேன்.

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

திருவாரூர் மாவட்டத்தில் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம். ஜூனில் புதிதாக வரும் பிள்ளைகளை முதல் சில வாரம் கவனித்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஜெயா சொல்வது போன்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். உயிரெழுத்து பன்னிரண்டும் எழுதிவிடுவார்கள். "நேத்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்றால் தலை குனிந்துவிடும். ஈரோட்டுக் குழந்தை போன்றவர்களும் வருகிறார்கள். ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் ஆடு குட்டி போட்டதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒழுங்காகச் சொல்வார்கள். யார் வந்தார்கள், ஏன் பயந்தார்கள், அப்புறம் என்ன ஆனது, எல்லாம் வரும். தீபாவளி தாண்டும்போது பெரும்பாலும் இவர்கள்தான் வாசிப்பில் முன்னால் போகிறார்கள்.

1986ல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை எளிய பெருக்கல் கணக்காக எழுதினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன், பேசினால் புரிந்துகொள்ளும் திறன், இந்த இரண்டின் பெருக்குத்தொகைதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். பள்ளி முதல் எண்ணை மட்டுமே பார்க்கிறது. இரண்டாவது எண் உங்கள் மகளிடம் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்வது சரியான அறிவுரை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் உயிரெழுத்து அட்டையை எடுத்துப் பாருங்கள். இ என்றால் இலை, உ என்றால் உரல். நம் வீடுகளில் இலையை யார் 'இலை' என்கிறார்கள்? 'எலை' என்கிறோம். உரலை 'ஒரல்' என்கிறோம், அதையும் இப்போதைய குழந்தை பார்த்திருக்காது. இடம் 'எடம்' ஆகிறது, உடம்பு 'ஒடம்பு' ஆகிறது. ஆக, 'இ' என்ற ஒலியைக் காட்ட அட்டை எடுத்துக்கொண்ட சொல், குழந்தையின் வாயில் 'எ'யில் தொடங்குகிறது. "இலைக்கு முதல் எழுத்து என்ன?" என்று கேட்டால் 'எ' என்கிற பிள்ளை காதால் கேட்டதைச் சரியாகத்தான் சொல்கிறது, அதற்குத் தலையில் குட்டு. 'இ'க்கு இட்லி இருக்கிறது, இஞ்சி இருக்கிறது. 'உ'க்கு உப்பு இருக்கிறது. பேச்சிலும் எழுத்திலும் ஒரே ஒலியில் தொடங்குகிற சொற்கள் இவை. நான் அந்த அட்டையை மாட்டுவதில்லை.

சேலம்_கணேசன்

டீச்சர் சொன்ன அட்டை விஷயம் புதிது, யோசிக்க வைத்தது. ஆனால் இழை ஒரே பக்கமாகப் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா விஜயதசமி அன்று என் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் எழுத வைத்தார். என் மகனுக்கு நான் அதையே செய்தேன். மூன்றரை வயதில் எழுத்தெல்லாம் தெரியும், ஐந்து வயதில் பேருந்துப் பலகைகளைப் படித்தான். அவனுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. பேச்சு, கதை, பாட்டு என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். வசதியான வீட்டுப் பிள்ளை எப்படியும் படித்துவிடும். அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிற, வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு எழுத்தை யார் சொல்லிக்கொடுப்பது? அந்தப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான் வழி. அங்கேயும் "விளையாடட்டும், மெல்ல வரட்டும்" என்றால் மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்திருந்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

கணேசன் சார், உங்கள் இரண்டாவது பத்தியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எழுத்து தானாக வராது. ஒன்றாம் வகுப்பில் எழுத்தையும் ஒலியையும் வரிசை வைத்து, தினமும், விடாமல் சொல்லித்தர வேண்டும். கேட்டுக் கேட்டே எழுத்து வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

நான் கேட்பது வேறு. நான்கு வயதுக் கையில் பக்கம் பக்கமாக எழுத்தைத் திணிப்பதால் என்ன கிடைக்கிறது? நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் என்பவரின் குழு 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து வயதில் வாசிப்பு தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். பத்து, பதினோரு வயதுக்குள் இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தை எட்டிவிட்டது. அதனால் ஏழு வயது வரை காத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை, நம் ஊர் நிலைமை வேறு. நான்கு வயதில் அவசரப்படுவதால் நிலைத்து நிற்கும் லாபம் இல்லை என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பச்சரிசியில் எழுதியதை நானும் மதிக்கிறேன். அது அப்பாவின் மடியில், அன்போடு நடந்தது. இங்கே அழுகிற குழந்தைக்கு நடப்பது அது இல்லை.

தமிழ் எழுத்தின் கனத்தையும் நினைக்க வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. இத்தனையையும் உருப்போட வேண்டியதில்லை, குறிகள் தெரிந்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். ஆனால் கெ, கே, கை மூன்றிலும் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கும். கு, சு, து என்று உகர வரிசையில் குறி ஒரே மாதிரி இல்லை, பல வடிவம். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, னை எல்லாம் நேராயின, உகர ஊகார வரிசை பழையபடிதான் இருக்கிறது. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சொனாலி நாக் 2007ல் எழுதியதில், எழுத்துத் தொகுதி முழுவதையும் கைக்கொள்ளப் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் பிடிப்பது தெரிகிறது. தமிழும் அதே குடும்ப எழுத்துமுறைதான். இவ்வளவு நீண்ட பயணத்தில் எல்.கே.ஜி. ஜூலையில் 'ஃ' முடித்ததற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

மையத்திலிருந்து_மல்லிகா

அங்கன்வாடிப் பணியாளர் நான். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை.

அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சத்துமாவு, முட்டை, எடை பார்ப்பது என்றுதான் ஊருக்கு எங்களைத் தெரியும். மூன்று வயது முதல் முன்பருவக் கல்வியும் எங்கள் வேலைதான். அதற்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் கையில் இருக்கிறது. காலையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, பாட்டு, கதை, மணி கோப்பது, வண்ணம் தீட்டுவது என்று நாள் போகும். எழுத்து கடைசியில் கொஞ்சம்.

தாய்மார்கள் வந்து, "மூணு மாசம் ஆச்சு, ஒரு எழுத்து எழுதலையே" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டு வேன் வருகிற நர்சரிக்கு மாற்றிவிடுகிறார்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகத்தில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதற்கும் பெற்றோருக்கு இருந்த இந்த ஆசை ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் குறையையும் மறைக்கவில்லை. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். பதிவேடு, செல்பேசிச் செயலியில் பதிவு, வீடு பார்வை என்று நாள் கரைகிறது. வட்டத்தில் உட்கார்ந்தாலும் நான் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாட, அவ்வளவில் முடிந்துவிடும் நாட்கள் உண்டு. திருப்பிச் சொல்வது பேச்சாகாது. ஒவ்வொரு குழந்தையும் தன் வாயால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்காக "வரும் வழியில என்ன பார்த்த?" என்ற ஒரு கேள்வியைத் தினமும் வைத்திருக்கிறேன். ஒருவன் செத்த பாம்பைப் பார்த்தேன் என்பான். அடுத்த நாள் எல்லோரும் பாம்பு பார்த்திருப்பார்கள். பரவாயில்லை, அத்தனை பேரும் பேசுகிறார்களே.

ஓசூர்_சுமதி

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலம். "வீட்டில் தெலுங்கு பேசாதீர்கள், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" தாண்டி வராது. அப்படிப் பேச ஆரம்பித்ததிலிருந்து மகனோடு பேசுவதே குறைந்துபோனது. இதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

பேச்சுப்பயிற்சி_கண்ணன்

நான் பேச்சு, கேட்டல் பயிற்சி அளிப்பவன். சுமதி அக்கா, உங்களுக்கு எந்த மொழி சரளமோ அதில் பேசுங்கள். கதை சொல்ல, கோபப்பட, கொஞ்ச, காரணம் விளக்க உங்களுக்கு எந்த மொழி வருமோ அதுதான் உங்கள் மகனுக்குப் பயன்படும் மொழி. "ஏன்", "அதனால்", "ஒருவேளை" என்று யோசிக்கும் பழக்கம் தெலுங்கில் வந்துவிட்டால், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அதை எடுத்துப்போக முடியும். மூன்று சொல் ஆங்கிலத்தில் அது வராது. இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகும் என்ற பயமும் வேண்டாம். இரண்டு மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள், குறைவாக இருக்காது.

பொதுவாகவும் ஒன்று சொல்கிறேன். பேச்சு என்றால் குழந்தைமேல் சொற்களைக் கொட்டுவது இல்லை. 1995ல் அமெரிக்காவின் கேன்சஸில் 42 குடும்பங்களைப் பார்த்து ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் எழுதிய கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. ஏழை வீட்டுக் குழந்தைகள் மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்றார்கள். அந்த எண்ணிக்கையைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். வீட்டில் பெற்றோர் தவிர மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது என்றார்கள். நம் ஊரில் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று எத்தனை பேர் பேசுகிறார்கள்! நான் பார்ப்பது, குழந்தை சொன்னதற்கு யாராவது பதில் சொல்கிறார்களா, அந்தப் பதிலுக்குக் குழந்தை மறுபடி ஏதாவது சொல்கிறதா என்பதைத்தான். ஆள் மாறி ஆள் பேச்சு போய் வர வேண்டும். செல்பேசி வீடியோ பேசிக்கொண்டே இருக்கும், குழந்தை சொல்வதைக் கேட்காது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்துவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு சொல்கிறது.

இதையும் பெற்றோர் கவனியுங்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கென ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, செலவு கிடையாது. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். ஈரோட்டுக் குழந்தைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, தாமதமாகும் குழந்தைகளின் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் எழுதினேன்.

ஈரோடு_அம்மா

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க மனம் தெளிகிறது.

இப்போது ஒரு நடைமுறைச் சந்தேகம். பாட்டிக்குக் கதை தெரியும், எனக்கு அவ்வளவு தெரியாது. படக்கதைப் புத்தகம் வாங்கி வாசித்துக் காட்டுகிறேன். புத்தகத்தில் "குரங்கு மரத்தின் மீது ஏறி அமர்ந்தது" என்று இருக்கிறது. அப்படியே வாசித்தால் அவள் முகத்தைப் பார்க்கிறாள். "குரங்கு மரத்து மேல ஏறி உக்காந்துச்சு" என்று மாற்றிச் சொன்னால் புரிகிறது. எப்படி வாசிப்பது?

சேலம்_கணேசன்

இது எனக்கும் சந்தேகம்தான். பேச்சுத் தமிழில் சொன்னால் புத்தகத் தமிழ் எப்போது வரும்? தேர்வில் "உக்காந்துச்சு" என்று எழுதினால் மதிப்பெண் போடுவார்களா?

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம். முதல் தடவை படத்தைக் காட்டி உங்கள் பேச்சில் சொல்லுங்கள். கதை பிடித்துவிட்டால் "இன்னொரு தடவை" என்று கேட்பாள். இரண்டாம், மூன்றாம் தடவையில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் "அமர்ந்தது" என்றால் உட்கார்ந்தது என்று அவளே பிடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் விளையாடும்போது "குரங்கு அமர்ந்தது" என்று அவள் வாயிலேயே வரும். நம் குழந்தைகள் பள்ளிக்கு வரும்போது எழுத்தோடு சேர்த்து இன்னொரு நடைத் தமிழையும் கற்க வேண்டியிருக்கிறது. இரண்டு சுமையையும் ஒன்றாம் வகுப்பில் ஒரே நாளில் ஏற்றாமல், காதுக்கு முன்கூட்டியே பழக்கிவிடுவது பெரிய உதவி. கணேசன் சார், வானொலிச் செய்தியும் மேடைப் பேச்சும் கேட்டு நாமும் அப்படித்தானே பழகினோம்.

எப்படி வாசிப்பது என்பதற்கு 1988ல் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு ஒரு வழி காட்டியது. பெரியவர் வாசிக்க, குழந்தை சும்மா கேட்பதற்குப் பதிலாக, மெல்ல மெல்லக் குழந்தையே கதை சொல்லியாக மாறும். ஒரு மாதம் அப்படி வாசித்த வீட்டுக் குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். என் வகுப்பில் ஏறக்குறைய இப்படி நடக்கும்:

"இங்க என்ன நடக்குது?"
"குரங்கு."
"ஆமா, குரங்கு. குரங்கு என்ன பண்ணுது?"
"தொப்பி எடுக்குது."
"ஆமா, தாத்தா தூங்கும்போது தொப்பிய எடுத்துட்டுப் போகுது. ஏன் எடுத்துட்டுப் போகுது?"
"அதுக்கு வெயில் அடிக்குது."

கடைசிப் பதில் புத்தகத்தில் இல்லை. அந்தக் குழந்தை தானாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறது. "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "அப்படியா, வெயில் அடிக்குதா, அப்போ நீ என்ன பண்ணுவ?" என்று கேளுங்கள். அவள் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். எல்லாப் பக்கத்திலும் கேள்வி கேட்கவும் வேண்டாம், கதை அறுந்துபோகும்.

வாசிக்கும்போது இடையிடையே வரியின் அடியில் விரலை ஓட்டுங்கள். இடமிருந்து வலம் போகிறோம், இந்தக் கறுப்புக் குறிகள்தான் பேச்சாக மாறுகின்றன என்பது அவளுக்குப் புலப்படும். புத்தகத்தை நீங்கள் தலைகீழாகப் பிடித்தால் அவள் நேராகத் திருப்புகிறாளா என்று பாருங்கள். எழுத்து ஒன்றும் தெரியாத வயதிலேயே குழந்தைகள் இதையெல்லாம் கற்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதை நியூசிலாந்தில் மேரி கிளே 1966லேயே தன் முனைவர் ஆய்வில் எழுதினார்.

கரூர்_ஜெயா

டீச்சர், என் மகனுக்கு என்ன செய்யட்டும்? எழுத்து தெரியும், சேர்க்கத் தெரியவில்லை.

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

அவனுக்கு நோட்டை மூடிவிட்டுக் காதுக்கு வேலை கொடுங்கள் ஜெயா. முதலில் "ஆவன்னா, டூனா" என்று பெயர் சொல்வதை நிறுத்துங்கள். ஆ, டு என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். பெயரைச் சேர்த்தால் ஆவன்னாடூனாதான் வரும், ஆடு வராது.

அப்புறம் வாய் விளையாட்டு. "நான் ஒரு பொருளை உடைச்சுச் சொல்றேன், நீ சேர்த்துச் சொல்லு" என்று 'மா', 'டு' என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். மாடு என்பான். பிறகு ப-ழ-ம், கு-தி-ரை என்று போகலாம். பின்னர் அவன் உடைக்கட்டும், நீங்கள் சேருங்கள். சமையல் செய்யும்போது, பேருந்தில் போகும்போது எல்லாம் விளையாடலாம், காகிதமே வேண்டாம்.

அடுத்தது நெடிலும் குறிலும். கல், கால். மலை, மாலை. விடு, வீடு. எடு, ஏடு. "காலை எடுன்னா எதை எடுப்ப? கல்லை எடுன்னா?" என்று கேளுங்கள், சிரிப்பு வரும். இந்த வித்தியாசம் காதில் விழாத பிள்ளைதான் பின்னால் துணைக்காலை மறக்கிறது.

மெய்யெழுத்துதான் தமிழில் கடினமான இடம். பட்டம் என்று சொல்லிக் கை தட்டச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் இரண்டு தட்டு தட்டும், பட்-டம். எழுதும்போதோ ப, ட், ட, ம் என்று நான்கு. பிள்ளைகள் பட்டத்தைப் 'படம்' என்றும், அம்மாவை 'அமா' என்றும் எழுதுவது இதனால்தான். பேச்சில் மரம், படம் என்று முடிவதும் மூக்கோடு கரைந்துபோகிறது, அந்த 'ம்' உதட்டில் முழுதாக மூடுவதில்லை. 'கடைசி எழுத்து என்ன' என்று கேட்டால் பிள்ளை திணறுவது இயல்பு. படம், பட்டம் இரண்டையும் மெல்ல, அழுத்திச் சொல்லிக்காட்டி, எதில் நாக்கு கொஞ்சம் நின்று போகிறது என்று கேளுங்கள். யு.கே.ஜி.யில் இது போதும். புள்ளி வைப்பதை ஒன்றாம் வகுப்பில் நான் பார்த்துக்கொள்வேன், அதாவது என்னைப் போன்ற ஓர் ஆசிரியை பார்த்துக்கொள்வார்.

மையத்திலிருந்து_மல்லிகா

இதற்கெல்லாம் நம் வீட்டு விளையாட்டுகளிலேயே நிறைய இருக்கிறது டீச்சர். கைக்குழந்தையின் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வோர் உறவின் பெயர் வைத்துச் சோறு ஊட்டி, கடைசியில் அக்குள் வரை நண்டு ஊர விடுவோமே, அதில் குழந்தை அடுத்தது என்ன என்று காத்திருக்கக் கற்கிறது. கொழுக்கட்டை என்ற பெயரை வழியில் மறந்து 'அத்திரிபாச்சா' ஆக்கிக்கொண்டவன் கதையைச் சொன்னால் பிள்ளைகள் நாள் முழுக்க அந்த இரண்டு சொல்லையும் வாயில் போட்டு உருட்டுகிறார்கள். ஒலியோடு விளையாடுவது என்று நீங்கள் சொல்வது அதுதானே?

நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் விடுகதை போடுகிறேன். பெயரைச் சொல்லாமல் ஒரு பொருளை விவரிக்க வேண்டும் என்றால் மொழி நன்றாக வளைய வேண்டும். முதலில் நான் சொல்வதைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு தாங்களே போடுவார்கள். "வெள்ளையா இருக்கும், இட்லிக்குத் தொட்டுக்குவோம், அது என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள். தேங்காய்ச் சட்னி. விடுகதையில் விடையே முக்கால்வாசி வந்துவிட்டது என்றாலும் அவளே கட்டிய வாக்கியம் அது.

ஈரோட்டு அக்கா, கை பழகுவதற்கும் பென்சில்தான் வேண்டும் என்றில்லை. சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடட்டும். வாசலில் கோலப்புள்ளி வைக்கட்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் பெரிது பெரிதாகக் கிறுக்கட்டும். தோளும் மணிக்கட்டும் பலப்பட்ட பிறகு விரல் தானாக அடங்கும்.

பேச்சுப்பயிற்சி_கண்ணன்

மல்லிகா அக்கா சொன்ன கிறுக்கலைப் பற்றி ஒரு வரி. குழந்தை கிறுக்கிவிட்டு "இது பாட்டிக்கு லெட்டர்" என்று சொன்னால், அதைப் பாட்டியிடம் கொடுத்து "என்ன எழுதியிருக்க, படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். பேச்சைக் காகிதத்தில் வைக்கலாம், திரும்ப எடுக்கலாம் என்பது தெரிந்த குழந்தைதான் அப்படிச் செய்யும். அவள் சொல்வதை நீங்கள் கீழே எழுதி, அவளுக்கே வாசித்துக் காட்டலாம். தன் பேச்சு எழுத்தாக நிற்பதைப் பார்க்கும்போது பென்சில்மேல் இருக்கிற வெறுப்பு குறைவதைப் பல குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன்.

ஓசூர்_சுமதி

கண்ணன் சார், தெலுங்கில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மகன் தூங்காமல் கேட்கிறான். தெலுங்குப் படக்கதை எங்கே கிடைக்கும்?

சேலம்_கணேசன்

சுமதி அம்மா, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் 2015லிருந்து இருக்கிறது. தெலுங்கு, தமிழ், கன்னடம் எல்லாவற்றிலும் படக்கதைகள் இலவசம், தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஒரே கதை பல மொழியில் இருப்பதால் வீட்டில் தெலுங்கிலும், பிறகு தமிழிலும் அதே கதையைப் படிக்கலாம். சென்னையில் தூளிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறது, ஒரு பக்கத்தில் இரண்டு மொழியும் இருக்கும். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு மாவட்ட மைய நூலகத்தில் குழந்தைகள் பிரிவு உண்டு. திரையில் காட்டாமல் அச்செடுத்தே கொடுங்கள், பக்கத்தைப் புரட்டுவதும் பழக்கம்தான்.

டீச்சரோடு நான் இன்னும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஆர்வமாகக் கேட்கிற குழந்தைக்கு மூன்று வயதானாலும் எழுத்தைச் சொல்லித்தரலாம் என்பது என் எண்ணம்.

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

கேட்கிற குழந்தைக்குத் தாராளமாகச் சொல்லுங்கள் சார். பெரும்பாலும் முதலில் கேட்பது தன் பெயரின் முதல் எழுத்தைத்தான். கேட்டதைச் சொல்லிவிட்டு, அதையே ஒரு பக்கம் எழுதச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஈரோடு_அம்மா

பள்ளியில் போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன். எப்படிப் பேசினால் வகுப்பு ஆசிரியை தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்?

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

தனியாகப் பேசுங்கள், மற்ற பெற்றோர் முன்னால் வேண்டாம். அந்த ஆசிரியைக்கும் மேலே நிர்வாகம் இருக்கிறது, நோட்டு நிரம்பவில்லை என்றால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே குற்றம் சொல்லும் தொனி வேண்டாம். "ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி எழுத வைக்கிறேன், அவள் அழும் அன்று நோட்டு காலியாக வரும், அதற்கு வகுப்பில் அவளைத் திட்ட வேண்டாம்" என்று கேளுங்கள். மகளுக்கு நன்றாகக் கதை சொல்ல வரும் என்பதையும் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் வகுப்பில் அவளைக் கதை சொல்ல வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் பின்தங்கியவள் என்று மட்டும் அறியப்பட்ட குழந்தைக்கு வகுப்பில் வேறு ஓர் இடம் கிடைக்கும். அவள் கதை சொல்ல, ஆசிரியை அதில் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதினால் மற்ற பிள்ளைகளுக்கும் அது வாசிப்புப் பாடமாகிவிடும்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வரி எழுதுவதை நீங்களே வீட்டில் தொடருங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டாம்.

ஈரோடு_அம்மா

சரி டீச்சர். திங்கட்கிழமை போகிறேன், என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன். பாட்டியிடமும் சொல்லிவிட்டேன், கதையைக் குறைக்க வேண்டாம் என்று.